சின்னக் காரும் திருவனந்தபுரத்து ஏற்றங்களும்

அம்பாசடர் காலத்தில் திருவனந்தபுரத்தில் மைலேஜைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. தம்பானூர் டாக்சியும் அதுதான், தலைமைச் செயலக வாசலில் நின்ற அரசு வண்டியும் அதுதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, விலை சுமார் 47,500 ரூபாய். பத்தாயிரம் முன்பணம் கட்டிவிட்டு ஜனங்கள் காத்துக்கிடந்தார்கள். அதுவரை ஸ்கூட்டரில் போய்வந்த குடும்பம் மழையில் நனையாமல் போனது சின்ன விஷயமில்லை. அந்த வண்டியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

பெட்ரோல் விலை அப்போது ஒற்றை இலக்கம். ரிப்பேரும் எளிது. இடவப்பாதி மழையில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் இறங்கினால் வண்டி நின்றுவிடும். மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து மாட்டினால் மறுபடி கிளம்பும். முக்குக்கு முக்கு இருந்த மெக்கானிக் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் வைத்தே கார்புரேட்டரைச் சரிசெய்துவிடுவார். ஆகவே விசாரணை ஒரே கேள்வியில் முடிந்தது: லிட்டருக்கு எத்தனை?

இன்றும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. ஆல்டோ கே10-க்கு 24 கிலோமீட்டருக்கு மேல் என்று கம்பெனி சொல்வது ஆய்வுக்கூடக் கணக்கு. நம் ஊர் மேடும் பள்ளமும். ஓவர்பிரிட்ஜிலிருந்து புளிமூடு வழியாக ஸ்டாச்சு வரை எம்.ஜி. ரோடு ஏறிக்கொண்டே போகிறது. சாயங்கால நெரிசலில் அதை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும்தான் கடக்க வேண்டும். டேங்க்கை நிறைத்து, பம்ப் தானாக நின்றதும் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே பெட்ரோல் பங்கில் அதேபோல் நிறைத்துப் பாருங்கள். உண்மை தெரியும்.

லிட்டர் 107 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 800 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 20 கிடைத்தால் 4,280 ரூபாய், 16 கிடைத்தால் 5,350. 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் போட்டதிலிருந்து களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டில் போய் நிரப்புவதைப் பற்றிய பேச்சு கூடிவிட்டது. நாகர்கோவிலுக்கு எப்படியும் போகிற கரமனைக்காரர் நிரப்பிக்கொண்டு வரட்டும். அதற்கென்றே அறுபது கிலோமீட்டர் போய்வந்தால் மிச்சம் வழியிலேயே எரிந்துவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு இருக்கிறது. 20 சதவீதக் கலவைக்கென்று செய்யப்படாத கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே மதிப்பிட்டது.

தரத்தைப் பார்க்கும் விதம்தான் உண்மையில் மாறியது. அன்று கதவைச் சாத்தி ஓசை கேட்பார்கள், ஏசி குளிர்கிறதா என்று பார்ப்பார்கள். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சின்னக் கார்களை மோதவிட்டுப் பார்த்தபோது ஆல்டோ 800-க்கும் நானோவுக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். 2020-இல் அதே அமைப்பின் சோதனையில் டாடா டியாகோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. சின்ன வண்டி என்றால் தகரம்தான் என்ற சமாதானம் அன்றோடு செல்லாமல் போய்விட்டது என்பது என் எண்ணம். 2023-இல் ஆல்டோ கே10 பெரியவர்கள் பாதுகாப்பில் இரண்டு நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்யமும் வாங்கியது. பின் சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர் மைலேஜுக்கு முன் பார்க்க வேண்டிய எண் இது.

பழைய வண்டி மலிவு என்பதும் முழுக் கணக்கில்லை. பதினைந்து வயதான காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது. அதோடு துரு. சங்குமுகம், வலியதுறைப் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டி வெளியே பளபளக்கும். கதவின் அடிவிளிம்பிலுள்ள நீர்த்துளைகளில் மண் அடைத்து, தகடு உள்ளிருந்தே அரித்திருக்கும். டிரைவர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கித் தரையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் பட்டாலோ தகடு நெளிந்தாலோ, ஓனர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அந்த வண்டி வேண்டாம்.