கெர்னலைத் தாண்டும் தரவுப் பொட்டலங்கள்

அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் 8 நிறுவனங்கள் சேர்ந்து, ஏறத்தாழ 220 கோடி ரூபாய்ச் செலவில் உருவாக்கிய 5ஜி சோதனைக் களம் 2022 மே 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இத்தகைய 5ஜி அமைப்புகளில், கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் தரவுப் பொட்டலங்களை இணையத்துக்குக் கடத்திவிடும் 5ஜி மையப் பிணையத்தின் வேலையை, தனிப் பெட்டிகளுக்குப் பதிலாக இன்று சாதாரண சர்வர்களில் ஓடும் மென்பொருளே செய்யக்கூடும் என்பதால், அந்த மென்பொருளின் வேகமே பிணையத்தின் வேகமாகிவிடுகிறது.

நொடிக்கு 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பொட்டலங்கள் நிரம்பி வந்தால், நொடிக்குச் சுமார் 1 கோடியே 49 லட்சம் பொட்டலங்கள் வந்து சேரும். அதாவது ஒரு பொட்டலத்துக்குக் கிடைப்பது சுமார் 67 நானோ நொடி மட்டுமே. வழக்கமான முறையில், நெட்வொர்க் கார்டு பிராசஸரைக் குறுக்கிட்டு அழைக்க, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் பொட்டலத்தை வாங்கிப் பல அடுக்குகளில் சோதித்து, பின்னரே செயலியின் நினைவகத்துக்குப் படியெடுத்துத் தருகிறது. இவ்வளவும் அந்த நேரத்துக்குள் அடங்குவதில்லை.

இன்டெல் தொடங்கி, 2017இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் திட்டமான டி.பி.டி.கே. என்னும் மென்பொருள் தொகுப்பு, கெர்னலை இந்தப் பாதையிலிருந்தே விலக்கிவிடுகிறது. கார்டின் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் நேரே செயலியின் கைக்கு வருகின்றன; கார்டு பொட்டலங்களைச் செயலியின் நினைவகத்திலேயே எழுத, பிராசஸரின் ஒரு கோர் குறுக்கீட்டுக்குக் காத்திராமல் ஓயாது பார்த்துக்கொண்டே இருக்கிறது. போக்குவரத்தே இல்லாத நள்ளிரவிலும் அந்தக் கோர் முழுமூச்சாக உழைத்து மின்சாரத்தைத் தின்பதும், கெர்னலில் உள்ள ஃபயர்வால் இந்தப் பொட்டலங்களைக் காண முடியாமற்போவதும் இதற்குத் தரும் விலை.

அதைவிடப் பெரிய ஆபத்து நினைவகத்தில் இருக்கிறது. கார்டு தானாகவே நினைவகத்தில் எழுதக்கூடியது என்பதால், செயலி தவறான முகவரியைக் கொடுத்துவிட்டால் கெர்னலின் தரவே அழிந்துபோகலாம். ஒரு கார்டு எந்தெந்த நினைவகப் பகுதிகளைத் தொடலாம் என்று வரையறுக்கும் ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற வன்பொருள் காவலையும், அதன் துணையோடு கார்டைச் செயலியிடம் ஒப்படைக்க லினக்ஸில் 2012இல் சேர்க்கப்பட்ட வி.எஃப்.ஐ.ஓ. என்ற ஏற்பாட்டையும் வேகத்துக்குச் சமமாக மதிக்க வேண்டியது இதனால்தான். கார்டின் கட்டுப்பாட்டைக் கெர்னலிடமே விட்டுவிட்டு, பொட்டலங்களை மட்டும் செயலியின் நினைவகத்துக்கு விரைவாகத் தரும் ஏ.எஃப்.எக்ஸ்.டி.பி. என்ற மாற்றுவழியும் 2018 முதல் லினக்ஸில் உண்டு. பல பணிகளுக்கு அதுவே போதும்.

காவல் இல்லாமலும் வி.எஃப்.ஐ.ஓ.வை இயக்க லினக்ஸ் இடம் தருகிறது; ஆனால் அதற்கான அமைவின் பெயரிலேயே 'பாதுகாப்பற்றது' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. ஆய்வகச் சோதனைக்கு அது பொருந்தலாம். மக்களின் தரவு ஓடும் பிணையத்தில் அதற்கு இடமில்லை.