படகுப் பிரயாணமும் நமது ஜாக்கிரதையும்

மழை ஓய்ந்து தீபாவளியும் கழிந்துவிட்டால், ஊரிலிருந்து உறவினர் வரும் காலம் தொடங்குகிறது. தாதரில் வந்து இறங்கும்போதே அவர்கள் கேட்பது எலிபெண்டாக் குகையைத்தான். மராட்டியர் அத்தீவைக் காராபுரி என்பர். கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரப் பிரயாணம். குகையில் உள்ள மும்முகச் சிவனைக் காண்பதைக் காட்டிலும், கடலில் போய் வருவதே நம்மவர்க்குப் பெரிய ஆசை என்பது நமது அனுபவம்.

மான்குர்த்தில் குடியிருக்கும் நமக்கு நீர் புதிய காட்சியன்று. வாஷிப் பாலத்தின்மேல் ரயில் போகும்போது இருமருங்கும் தானேக் கழிமுகம் பரந்து கிடப்பதைத் தினமும் காண்கிறோம். ஆயினும் நம் குடும்பங்களில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணினால், ஒரு கையே போதுமானதாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் அத்தையையும் ஏழு வயதுப் பையன் ஒருவனையும் மற்றவரையும் அழைத்துக்கொண்டு நாம் ஒரு படகில் புறப்பட்டோம். இடம் பிடிக்கும் அவசரத்தில் நாம் முன்னதாகவே மேல்தளத்துக்கு ஏறிவிட்டோம். அங்கிருந்து கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டிருந்தோம். கீழே, அத்தை ஒரு கையில் டிபன் கேரியரும் மறு கையில் பையனுமாகப் படியில் நின்றார். ஒரு கால் படகில், மறு கால் படியில். அந்தச் சமயத்தில் படகு அரை அடி விலகியது. பையன் இடுப்பளவு பள்ளத்துள் இறங்கிவிட்டான். விலகிய படகு திரும்பிச் சுவரை நோக்கி வருவதற்குள், கலாசி ஒருவர் சட்டைக் காலரைப் பற்றி மேலே தூக்கிவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவோடு போயிற்று. "கையில கேரியரு இருந்துச்சுய்யா, எதை விட, எதைப் பிடிக்க?" என்று அத்தை அழுதார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நமது கையில் இருந்ததும் கைப்பேசிதானே!

ரயில் உத்தியோகத்தில் இருப்பதனால் நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பற்றி நாம் பிறர்க்கு எச்சரிக்கை சொல்லியே பழகியவர்கள். ஆனால் வண்டி நின்றபின் அந்தப் பள்ளம் அசையாது. படகுக்கும் படிக்கும் இடையிலுள்ள பள்ளமோ மூச்சு விடுவதைப் போல விரிந்து சுருங்குவது. விரியும்போது ஆள் விழுவான், சுருங்கும்போது நசுங்குவான். நடுக்கடலைக் கண்டு அஞ்சும் நாம் இந்த ஒரு முழ நீரைக் கண்டு அஞ்சுவதில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பைக் கடலின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் நான்கு மீட்டருக்கும் மேற்படும். காலையில் உலர்ந்த படியில் ஏறியவர், மாலையில் திரும்பும்போது நீர் வடிந்து பாசி படிந்த கீழ்ப்படியில் இறங்க நேரும். ரப்பர்ச் செருப்பு அங்கே எண்ணெய் பூசியதற்குச் சமானம். படகு அலையில் மேலெழுந்து படிக்கு நேராக வரும் கணத்தில்தான் காலை வைக்க வேண்டும். கால் வைத்தால் தயங்கலாகாது, தயங்குவதானால் வைக்கலாகாது. சாமானை முதலில் கொடுத்துவிட்டு, கலாசியின் மணிக்கட்டை நாமும் நமது மணிக்கட்டை அவரும் பற்றும்படி ஏறுதல் உத்தமம். விரல்கள் நழுவும், மணிக்கட்டுப் பிடி எளிதில் நழுவாது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுதல் நன்று. பிள்ளைகளைப் பெரியவர் இருவர் கைமாற்றி ஏற்றுக. விலகும் படகைக் கையாலோ காலாலோ தள்ளிப் பிடிக்க ஒருவரும் முயலலாகாது.

ஏறி அமர்ந்தபின் நம்மைக் கெடுப்பது நமது லோக்கல் வண்டிப் பழக்கம். குர்லாவில் இறங்க வேண்டியவர் செம்பூரிலேயே எழுந்து வாசலை அடைகிறார். வண்டி சாயாது, எழலாம். படகு அப்படியன்று. எல்லோரும் எழுந்து ஒரு பக்கம் திரண்டால் பாரம் மேலேறுகிறது, ஒரு பக்கமாகவும் நகர்கிறது; அதன்பின் ஒரு சிறிய அலையே போதும்.

1947 ஜூலை 17-ஆம் நாள் நடந்ததை மராட்டியர் இன்னும் மறக்கவில்லை. பாவுச்சா தக்கா என வழங்கும் படகுத்துறை, நமது ஹார்பர் பாதையில் டாக்யார்டு ரோடு நிலையத்துக்கு அண்மையில் உள்ளது. அங்கிருந்து ரேவஸ் நோக்கிச் சென்ற 'ராம்தாஸ்' என்னும் கப்பலை மழைக்காலத்துப் பேரலை தாக்கிற்று. அஞ்சிய ஜனங்கள் ஒரு பக்கமாக ஓடவே கப்பல் கவிழ்ந்தது. மாண்டோர் அறுநூறுக்கும் மேற்பட்டோர். கடல்தான் வேண்டும் என்பதுமில்லை. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டினர் பலர். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காண அதிலும் ஜனங்கள் ஒரு பக்கம் திரண்டனர்.

கேட்வேப் படகுகளில் விலங்கு இல்லை, கடற்புறாக்கள் உண்டு. குளிர்காலத்தில் அவை கூட்டமாகப் பின்தொடர, பொட்டலத்திலிருந்து தின்பண்டம் எடுத்து வீசும் பொருட்டுப் பிள்ளைகள் கம்பியின்மீது ஏறி நிற்கின்றனர். அவர்களைத் தூக்கிப் பிடிக்கும் தகப்பன்மாரையும் கண்டிருக்கிறோம். அப்பறவைகள் தம் இரையைத் தாமே தேடிக்கொள்ளும்.

மிதவைச் சட்டை என்னும் லைப் ஜாக்கெட்டைப் பற்றி நம்மவரிடையே ஒரு வெட்கம் உண்டு. படகில் இருந்தால் போதும், வேண்டும்போது அணியலாம் என்பது எண்ணம். 2024 டிசம்பர் 18-ஆம் நாள் எலிபெண்டாவுக்குச் சென்ற 'நீல்கமல்' படகின்மீது, இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப்படகு மோதிற்று. 15 உயிர்கள் போயின. அத்தகைய வேளையில், கூரையடியில் கட்டித் தொங்கும் சட்டையை அவிழ்த்து, கைநுழைத்து, வார் மாட்ட அவகாசம் ஏது? அதன்பின் கேட்வேயில் சட்டை அணிதல் கட்டாயம் ஆக்கப்பட்டது. பரிசோதகர் கண்ணில் படும்வரை அணிந்து, பின் கழற்றி இருக்கையாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் வேண்டா.

பெரியவர் சட்டை பிள்ளைக்கு ஆகாது. நீரில் விழுந்தால் அது மேலே போகும், பிள்ளை கீழே போகும். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது தளர்ச்சி, வார்களை இறுக்குக. கால்களிடையே மாட்டும் வார் இருப்பின் அதையும் விட்டுவிடலாகாது. பிள்ளையின் அளவில் இல்லையென்றால் அடுத்த படகுக்குக் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. (மோரா வழியாக உரணுக்குப் போகிறவர்க்கு ஒரு வார்த்தை: 2024 ஜனவரி முதல் உரண்வரை ரயிலே ஓடுகிறது. இதை உத்தியோக அபிமானத்தால் சொல்வதாக நினைக்கலாகாது!)

இத்தனைக்கும் பிறகு எவரேனும் விழுந்துவிட்டால், முதலில் கூச்சல் போட வேண்டும். படகோட்டி இயந்திரத்தை நிறுத்துவது அதனால்தான், ஏனெனில் சுழலும் விசிறி நீரைவிடக் கொடியது. ஒருவர் விழுந்தவரைக் கண்ணை எடுக்காமல் பார்த்து, கையையும் அந்தத் திசையிலேயே நீட்டியபடி இருத்தல் வேண்டும். அலைகளுக்கிடையே ஒரு தலை தேங்காயளவே தெரியும், பார்வை விலகினால் திரும்ப அகப்படாது. மிதவை வளையம், மூடி இறுக்கிய வெறும் கேன், கயிறு ஆகியவற்றுள் கைக்கு எட்டியதை எறியலாம். பாசத்தால் தாமும் குதிப்பவரால் இரண்டு பேரைத் தேட வேண்டியதாகிறது. விழுந்தவர் கைகளை உயர்த்தி அலறாமல், மல்லாந்து வாயையும் மூக்கையும் வானத்துக்குக் காட்டி மிதக்க முயலவேண்டும்.

எங்கள் அத்தை இந்தத் தை மாதம் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எலிபெண்டாவுக்குப் போக வேண்டுமாம். தோளில் மாட்டிக்கொள்ளும்படி கெட்டித்துணியில் பை ஒன்று தைத்துவிட்டாராம். கேரியர் அதனுள் அடங்குகிறது என்று தொலைபேசியில் இருமுறை சொன்னார்.