இருபது பேரின் விடையும் ஒரு கோடிப் பேரின் கணக்கும்

கொரோனாத் தொற்று உலகையே அச்சத்தில் ஆழ்த்தியிருந்த 2020ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், வீட்டைத் துடைக்கவும் கழிப்பறையைக் கழுவவும் வாங்கி வைக்கும் கிருமிநாசினிகளை அமெரிக்க ஜனங்கள் எவ்வாறு கையாளுகிறார்கள் என்று அறிய விரும்பிய அந்நாட்டு நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், 502 பேரிடம் இணையத்தின் வழியே கேள்விகளைக் கேட்டு, ஏறக்குறைய ஒரே மாதத்தில் அவர்கள் சொன்ன விடைகளை அறிக்கையாகவும் வெளியிட்டுவிட்டது. அந்த அறிக்கையின்படி, விடையளித்தோரில் 39 சதவீதத்தினர் அபாயகரமான ஒரு பழக்கத்திலாவது ஈடுபட்டிருந்தார்கள். 19 சதவீதத்தினர் காய்கனிகளைப் பிளீச் திரவத்தில் கழுவியிருந்தார்கள். 18 சதவீதத்தினர் துப்புரவுப் பொருள்களை உடம்பின்மேல் பூசிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 4 சதவீதத்தினர் நீர்த்த பிளீச்சையோ சோப்பு நீரையோ அத்தகைய வேறொரு திரவத்தையோ குடித்ததாகவோ கொப்பளித்ததாகவோ ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியதில் வியப்பில்லை. அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களில் துப்புரவுப் பொருள்களும் கிருமிநாசினிகளும் உடலில் பட்டதாகவோ உட்சென்றதாகவோ அந்நாட்டு விஷ முறிவு மையங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் 45,550. இது முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 சதவீதம் அதிகம். போதாக்குறைக்கு, ஏப்ரல் மாதக் கடைசியில் ஜனாதிபதியே நிருபர்கள் முன்னிலையில், கிருமிநாசினியை உடம்புக்குள் செலுத்திப் பார்க்கலாகுமா என்ற பொருளில் ஏதோ சொல்லி வைத்திருந்தார். ஆகவே, பிளீச்சைக் குடிப்பவர்களும் இருக்கத்தான் செய்வார்கள் என்று நம்புவதற்கு ஜனங்களின் மனம் ஏற்கெனவே பக்குவப்பட்டிருந்தது. அமெரிக்காவில் வயதுவந்தோர் ஏறக்குறைய 25 கோடிப் பேர். அவர்களில் 4 சதவீதம் என்றால் ஒரு கோடிப் பேர். ஆனால் அந்த 502 பேரில் 4 சதவீதம் என்பது இருபதே பேர். இருபது பேர் கணினித் திரையில் அழுத்திய ஒரு விடை, ஒரு கோடி மனிதர்களின் நடத்தையாக உருமாறி உலகைச் சுற்றி வந்தது என்பதுதான் விஷயம்.

அந்த இருபது பேர் யார்? இதற்கு விடை காண வேண்டுமானால், இத்தகைய துரிதக் கருத்தாய்வுகள் எப்படி நடக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

இணையத்தில் விளம்பரம் செய்து, விருப்பமுள்ளவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று அழைத்து, அவ்வாறு சேர்ந்த லட்சக்கணக்கானோரை ஒரு பதிவுக்குழுவாக வைத்துப் பராமரிக்கும் தனியார் நிறுவனங்கள் பல உண்டு. இக்குழுவைத்தான் இத்தொழிலில் பானல் என்பார்கள். ஒரு கருத்தாய்வை முடித்தால் சில புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் சேர்ந்தால் பரிசு அட்டையாகவோ சிறு தொகையாகவோ மாற்றிக்கொள்ளலாம். ஆராய்ச்சியாளர் ஆணுக்கு இத்தனை, பெண்ணுக்கு இத்தனை, இந்த வயதுக்கு, இந்தப் பிராந்தியத்துக்கு இத்தனை என்று ஒதுக்கீடு சொன்னால், ஓரிரு நாள்களில் நிறுவனம் அந்தக் கட்டங்களை நிரப்பிக் கொடுத்துவிடும். பிறகு, ஜனத்தொகைக் கணக்கோடு பொருந்துமாறு குறைவாக வந்தவர்களின் விடைக்கு அதிக எடையும், அதிகமாக வந்தவர்களின் விடைக்குக் குறைந்த எடையும் இட்டுச் சமன்செய்வார்கள்.

இம்முறையை எடுத்த எடுப்பிலேயே பழிப்பது நியாயமாகாது. ஆராய்ச்சியாளர்கள் இதை நாடியதற்குச் சோம்பல் காரணமன்று. அமெரிக்காவில் ப்யூ ஆராய்ச்சி மையம் நடத்தும் தொலைபேசிக் கருத்தாய்வுகளுக்கு 1997இல் நூற்றுக்கு 36 பேர் பதிலளித்தார்கள். 2018இல் அது 6 ஆகத் தேய்ந்துவிட்டது. கதவைத் தட்டிக் கேட்கும் கணக்கெடுப்போ பெருஞ்செலவும் நீண்ட காலமும் பிடிப்பது. கர்ப்பிணிகளில் எத்தனை பேர் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்பதை அந்தக் குளிர்பருவம் முடிவதற்குள் அறிந்தால்தான் பிரசாரத்துக்குப் பயன் உண்டு. வீடுவீடாகச் சென்றாலோ, ஆயிரம் கதவுகளைத் தட்டினாலும் கைவிரல் விட்டு எண்ணத்தக்க கர்ப்பிணிகளே அகப்படுவார்கள். அதனால்தான் மேற்சொன்ன நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010–11 பருவம் முதற்கொண்டே கர்ப்பிணிகளிடமும் மருத்துவப் பணியாளர்களிடமும் இணையப் பதிவுக்குழுக்கள் மூலம் இதைக் கேட்டு வந்தது. இன்னொரு சிறப்பும் இம்முறைக்கு உண்டு. மனிதக் குரல் கேட்கும்போது மறைக்கத் தோன்றுவதை, திரையின் முன்னே தனியாக இருக்கும்போது மனிதன் ஒப்புக்கொள்கிறான். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களிடம் அவர்களுடைய கல்வித் தோல்விகளைப் பற்றிக் கேட்டு, விடைகளைப் பல்கலைக்கழகப் பதிவேட்டோடு ஒப்பிட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு, தொலைபேசியில் கேட்கப்பட்டவர்களைவிட இணையத்தில் கேட்கப்பட்டவர்கள் அதிகம் உண்மை சொன்னதைக் காட்டிற்று. மதுப்பழக்கம், மனச்சோர்வு, பாலுறவு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் சுகாதாரத் துறைக்கு இது அற்பமான அனுகூலமன்று.

இனி அந்த இருபது பேரிடம் வருவோம். இணையவழியே பங்கேற்பாளர்களைத் திரட்டித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தைச் சேர்ந்த லீப் லிட்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் அதே கேள்விகளை மீண்டும் கேட்டார்கள். ஆனால் நடுநடுவே, கவனமாகப் படிப்பவர் எவரும் தவறாமல் சரியாக விடையளிக்கக்கூடிய சில சோதனைக் கேள்விகளையும், எவரும் ஆம் என்று சொல்ல இயலாத சில அபத்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்டார்கள். முடிவு, 2023இல் 'பிளாஸ் ஒன்' என்ற விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. துப்புரவுத் திரவத்தை உட்கொண்டதாகச் சொன்னவர்களில் 80 முதல் 90 சதவீதம் வரை, சோதனையில் தேறாத, நம்பத்தகாத பதிலாளர்கள். அவர்களுள், இரும்புச் சத்துக்காகக் கான்கிரீட் தின்பதாகச் சொன்னவர்களும், அண்மையில் மாரடைப்பால் மரணமடைந்துவிட்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். இறந்தவர் எழுந்துவந்து புள்ளிகளுக்காகக் கருத்தாய்வு நிரப்பினார் என்று கொள்வதைவிட, படிக்காமலே பொத்தானை அழுத்தினார் என்று கொள்வதே புத்திக்கு உகந்தது. இத்தகையவர்களை விலக்கிய பின்பு, பிளீச் குடித்தார்கள் என்பதற்கு ஆதாரமே மிஞ்சவில்லை. தரவைச் சுத்தம் செய்து தருவதில் இந்த ஆய்வாளர்களுக்கு வியாபார நலன் உண்டு என்பதையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எனினும் அவர்கள் சொன்ன தர்க்கம் அந்த நலனைச் சார்ந்து நிற்கவில்லை.

தர்க்கம் இதுதான். நூறு பேரில் எட்டுப் பேர் கேள்வியைப் படிக்காமல், ஆம் என்றோ இல்லை என்றோ கைபோன போக்கில் அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் சுமார் நால்வரின் விடை ஆம் என்று அமையும். கேட்கப்படும் பழக்கம் ஊரில் பாதிப் பேரிடம் உள்ளதானால், உண்மை சொல்லும் 92 பேரில் 46 பேர் ஆம் என்பார்கள். இந்த நால்வரையும் சேர்த்தால் 50. கணக்கு இம்மியும் பிசகாது. பழக்கம் ஒருவரிடமும் இல்லாததானாலோ, அந்த நால்வரே முழுக் கணக்கு. ஒருவரும் செய்யாத காரியத்தை நூற்றுக்கு நான்கு பேர் செய்வதாக அறிக்கை எழுதப்பட்டுவிடும். பொதுவான நடத்தையை அளக்கும்போது பொருட்படுத்த வேண்டாத பிழை, அபூர்வமான நடத்தையை அளக்கும்போது உண்மையையே விழுங்கிவிடுகிறது. பொதுச் சுகாதாரத்தில் நாம் அஞ்சித் தேடும் விஷயங்களோ பெரும்பாலும் அபூர்வமானவை என்பதுதான் துரதிர்ஷ்டம்.

இப்படிக் கைபோன போக்கில் அழுத்துபவர்கள் சமூகத்தில் சமமாகப் பரவியிருந்தாலாவது சமாளிக்கலாம், அப்படியும் இல்லை. ப்யூ மையம் 2022இல் ஒரு விருப்பப் பதிவுக்குழுவில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களிடம் உரிமம் உண்டா என்று கேட்டுப் பார்த்தது. 30 வயதுக்கு உட்பட்டோரில் 12 சதவீதமும், ஹிஸ்பானிய வம்சாவளியினர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 24 சதவீதமும் உண்டு என்றார்கள்! போலிப் பதிலாளர்கள் தம்மை இளைஞர் என்றும் சிறுபான்மையினர் என்றும் சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டபடியால், எந்தப் பிரிவினரின் ஆரோக்கிய நிலை பற்றி நமக்கு அறிவு குறைவோ, அந்தப் பிரிவினர் பற்றிய கணக்கே அதிகம் கெட்டுப்போகிறது.

சரி, பொய்யர்களை முற்றாக நீக்கிவிட்டால் போதுமா என்றால், மெய்யர்களாலும் ஏமாற்றம் நேரும் என்பதற்கு 2021ஆம் ஆண்டு சாட்சி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி குழு ஃபேஸ்புக்கின் மூலம் வாரந்தோறும் ஏறக்குறைய 2,50,000 பேரிடம் கேட்டது. அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்புத் துறை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுமார் 75,000 பேரிடம் கேட்டது. ஆக்ஸியோஸ் என்ற செய்தி நிறுவனத்துக்காக இப்ஸோஸ் நிறுவனம் வெறும் 1,000 பேரிடம் கேட்டது. மூவரும் கேட்டது ஒன்றையே: கொரோனாத் தடுப்பூசி ஒரு தவணையேனும் போட்டுக்கொண்டீர்களா? போடப்பட்ட ஊசிகளின் அதிகாரபூர்வக் கணக்கு அரசிடம் இருந்தபடியால் விடைகளைச் சரிபார்க்க முடிந்தது. மே மாதக் கடைசியில் ஃபேஸ்புக் கணக்கு உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகளும், கணக்கெடுப்புத் துறையின் கணக்கு 14 புள்ளிகளும் கூடுதலாக இருந்தன. ஆயிரம் பேர் கணக்கோ உண்மையை ஒட்டியே சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் 'நேச்சர்' இதழில் இதை ஆராய்ந்து எழுதிய வேலரி பிராட்லி, சியாவ்-லி மெங் முதலானோர் போட்ட கணக்கு இன்னும் திகைப்பூட்டுவது. முறையாகக் குலுக்கித் தேர்ந்த பத்தே பத்துப் பேரிடம் கேட்டால் எவ்வளவு துல்லியம் கிடைக்குமோ, ஏப்ரல் மாதத்தில் அந்த இரண்டரை லட்சம் விடைகளுக்கும் அவ்வளவே துல்லியம்.

அங்கே பொய் சொன்னவர்கள் காரணமல்லர். ஊசி போட்டுக்கொள்ளும் மனப்பான்மை உடையவர்களே கருத்தாய்வுக்கு விடையளிக்கும் மனப்பான்மையும் உடையவர்களாக இருந்தார்கள். ஃபேஸ்புக் ஆய்வு கல்வித் தகுதிக்கும் இனத்துக்கும் எடையிடவே இல்லை. கணக்கெடுப்புத் துறை அவற்றுக்கு எடையிட்டும், முகவரிப் பட்டியலிலிருந்து முறைப்படியே மாதிரியைத் தேர்ந்தெடுத்தும், அழைக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பதிலளிக்காததால் தவறியது. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விடைச்சீட்டுகளைத் திரட்டி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று ஜோசியம் சொன்ன 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகையின் கதியும் இதுவே. அவர் 48 ராஜ்யங்களில் 46ஐ வென்றார். மாதிரி பெருகப் பெருக, பிழை குறைகிறதோ இல்லையோ, பிழைபட்டவரின் தன்னம்பிக்கை மட்டும் நிச்சயமாகப் பெருகுகிறது.

அந்த ஆயிரம் பேரின் கணக்கு மட்டும் ஏன் தவறவில்லை? அவர்கள் தாமாக வந்து சேர்ந்தவர்கள் அல்லர். முகவரிகளின் முழுப் பட்டியலிலிருந்து குலுக்கலில் தேர்ந்து, கடிதம் எழுதி அழைக்கப்பட்டவர்கள். இணைய வசதி இல்லாதவர்களுக்கு நிறுவனமே கைக்கணினியும் இணைப்பும் கொடுத்துவிடுகிறது. நெதர்லாந்தில் 2007இல் தொடங்கிய லிஸ் என்னும் பதிவுக்குழுவும் இவ்வாறே கணினி இல்லாத வீடுகளுக்கு எளிய கணினிகளை வழங்கியது. சிகாகோவிலுள்ள நார்க் ஸ்தாபனம் ஒரு படி மேலே போய், கடிதத்துக்கு மசியாதவர்களின் வீட்டுக்கு ஆளனுப்பிக் கதவைத் தட்டுகிறது. ஒரு முறை இந்தச் சிரமத்தை ஏற்றுவிட்டால், பிறகு கேள்விகளை இணையத்தில் விரைவாகவே கேட்கலாம். 2010இல் அமெரிக்கப் பொதுமக்கள் கருத்து ஆராய்ச்சிச் சங்கத்தின் நிபுணர் குழு, ஜனத்தொகையின் உண்மையான அளவை மதிப்பிடுவதே நோக்கமானால் விருப்பப் பதிவுக்குழுக்களைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னதன் உட்பொருள் இதுவே. வேகத்தை அவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

அமெரிக்கத் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 2015 முதல் இவ்வாறு குலுக்கலில் தேர்ந்த குழுக்களைப் பரீட்சித்துப் பார்த்து, 2023இல் துரிதக் கருத்தாய்வு அமைப்பு ஒன்றை முறைப்படி தொடங்கியது. அதில் கவனிக்க வேண்டிய அம்சம், கிடைத்த விடைகளை, 1957இல் தொடங்கியதும் அந்த மையம் வீடுவீடாகச் சென்று நடத்திவருவதுமான தேசிய சுகாதார நேர்காணல் கணக்கெடுப்போடு ஒப்பிட்டு எடையிடுகிறார்கள் என்பது. துரிதக் கணக்கு தன் நம்பகத்தன்மையை நிதானக் கணக்கிடமிருந்துதான் கடனாகப் பெறுகிறது. விரைவானது மலிவாகக் கிடைக்கிறதே என்று நிதானமானதன் மானியத்தை வெட்ட நினைக்கும் நிதி அதிகாரிகள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் வெட்டுவது இரண்டின் வேரையும் என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை நேரில் சந்தித்துக் கண்டறிந்த உண்மைகளுள் ஒன்று, வாழ்நாளில் ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியுள்ள பெண்கள் நூற்றுக்கு 33 பேரே, ஆண்கள் 57 பேரே என்பது. இந்த விகிதம் அதன்பின் உயர்ந்திருக்கலாம். ஆயினும் இரத்தசோகையைப் பற்றியும் பிரசவத்தைப் பற்றியும் யாரிடம் முதலில் கேட்க வேண்டுமோ, அவர்களைத்தான் திரை கடைசியாகச் சென்றடைகிறது. ஆகவே, 'இணையவழி ஆய்வில் அதிர்ச்சித் தகவல்' என்று தலைப்பிட்ட செய்தியைக் காணும் வாசகர்கள், சதவீதத்தைப் படிப்பதற்கு முன், விடையளித்தவர்கள் தாமாக வந்தவர்களா, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களா என்ற ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டுகிறேன். அந்த வரி இல்லையென்றால், செய்தியை வெளியிட்ட பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.