டென்மார்க் நாற்காலியும் அனகாபுத்தூர் வாழைநாரும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் புதிதாக வீடு கட்டிக் குடிபுகுவோரில் சிலர் தங்கள் இல்லத்தை ஸ்காண்டிநேவியப் பாணியில் அலங்கரிக்க விரும்புகின்றனர். டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய நாடுகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறப்புற்ற பாணி இது. மரத்தின் இயற்கை நிறம் தெரியும் மேஜை நாற்காலிகள், வெளிர்நிறச் சுவர்கள், நெய்த விரிப்புகள், வேண்டாத பொருள்கள் இல்லாத அறை ஆகியவை இதன் இலட்சணங்கள். இன்று கடைகளில் இத்தகைய சாமான்கள் அதிக விலைக்கு விற்பதால், இது செல்வந்தர்க்கே உரியது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இப்பாணியின் வளர்ச்சியில் கூட்டுறவு இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனம், சாதாரணக் குடும்பங்களின் சிறிய வீடுகளுக்கு ஏற்ற மரச்சாமான்களை வகுப்பதற்காக 1942ஆம் ஆண்டில் ஒரு தனிப்பிரிவை அமைத்தது. போர்கே மோகன்சன் என்பவர் அதன் தலைவரானார். அவர் 1947இல் வகுத்த 'ஜே 39' நாற்காலி 'மக்கள் நாற்காலி' எனப் பெயர் பெற்றது. இன்றும் அது செய்யப்படுகிறது. அதன் சட்டம் உறுதியான மரம். இருக்கையோ முறுக்கிய காகிதக் கயிற்றால் கையால் பின்னியது. கிடைக்கும் பொருள், எளிய உருவம், எளியோர்க்கு எட்டும் விலை: இவையே அச்சங்கத்தார் கைக்கொண்ட நெறி.

நாம் பின்பற்ற வேண்டியது இந்நெறியையே. அந்நாட்டுச் சாமான்களை அப்படியே கொணர்வது பொருந்தாது. கோபன்ஹேகன் நகரில் மார்கழியில் பகற்பொழுது ஏறக்குறைய 7 மணி நேரமே. ஆகவே அவர்கள் திரையில்லாத பெரிய ஜன்னல்களால் வெளிச்சத்தை வரவேற்கின்றனர். நமக்கோ வெயிலைத் தடுப்பதே பெரும் பாடு. மேற்கு ஜன்னலுக்குக் கைத்தறிப் பருத்தித் திரை அவசியம். பைன் போன்ற மென்மரங்களைக் கறையான் எளிதில் அரிக்கும், தேக்கே நன்று. பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளை அறுத்து உபயோகித்தால் செலவு குறையும். கம்பளிக்குப் பதிலாகப் பவானி ஜமக்காளமும் பத்தமடைக் கோரைப்பாயும் தரைக்கு அழகு தரும்.

அருகிலேயே மற்றொரு வளமும் இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த அனகாபுத்தூர் பழைய நெசவூர். இவ்வூரார் நெய்த 'மெட்ராஸ் கைக்குட்டை' எனும் கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குச் சென்றது. அந்த ஏற்றுமதி நின்றபின் பல தறிகள் ஓய்ந்தன. பின்னர் இவ்வூர் நெசவாளர் சிலர் வாழைநார் முதலிய இயற்கை நார்களைப் பருத்தி நூலுடன் கலந்து நெய்யத் தொடங்கினர். குலை வெட்டியபின் வீணாகும் வாழைத்தண்டின் மட்டையை உரித்து எடுப்பதே இந்நார். ஆதலால் ஒரே பொருளில் விவசாயிக்கும் நெசவாளிக்கும் வருமானம் உண்டு.

வாழைநார் சற்று விறைப்பானது. பருத்தியைப் பாவாகவும் நாரை ஊடையாகவும் வைத்து நெய்தால் திரை, திண்டு உறை, மேஜை விரிப்பு ஆகியவற்றுக்கு ஏற்றதாகும். சாயமிடாத நாரின் நிறமே இப்பாணிக்கு ஒத்தது. ஓரத்தில் ஒரே ஒரு வண்ணக்கோடு போதும். நார் ஈரத்தை ஈர்க்குமாதலால், மழைக்காலத்தில் நிழலில் நன்கு உலர்த்திப் பூஞ்சணம் படாமல் காத்தல் வேண்டும்.

வீடு வாங்குவோர் கேட்பது புடவை அளவன்று. ஜன்னல் அளவு, கட்டில் அளவு, நாற்காலி அளவு. சங்கங்கள் அவ்வளவுகளைக் கேட்டறிந்து, மாதிரிகளை விலையுடன் காட்சிக்கு வைத்து, குறித்த நாளில் கொடுக்குமாயின், பக்கத்துத் தெருக்களிலேயே புதிய சந்தை கிடைக்கும். அது கைவசப்படாவிடின் அவ்வீடுகளின் ஜன்னல்களில் தொலைதூர ஆலைத்துணியே தொங்கும். உள்ளூர்த் தறிகளுக்கு வேலையும் இராது. டென்மார்க் கூட்டுறவாளர் தம் மக்களின் வீட்டை அறிந்து நாற்காலி செய்தனர். நம் அங்கத்தினரும் அண்டை வீட்டின் தேவையை அறிந்து நெய்வாராக.