பாதியில் நிறுத்தக் கூடாத மாத்திரை

இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. காரணமில்லாத அசதி, இறங்கிக்கொண்டே போகும் எடை. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு, தாமதமாகத்தான் சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுவோம். அங்கே ரத்தப் பரிசோதனையில், 11 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தால் டாக்டர் சந்தேகப்படும் நோய்களில் ஒன்று சி.எம்.எல். எனும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். கேட்டதும் வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். ஆனால் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் புற்றுநோய் இது.

செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற சேதியைக் கடத்தும் புரதங்களில் ஏபிஎல் ஒன்று. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொண்டால், பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற ஒட்டுப்புரதம் உண்டாகிறது. அதற்கு அடங்கத் தெரியாது. ஷட்டர் இறங்காமல் சிக்கிக்கொண்ட மடை மாதிரி, பெருகச் சொல்லும் உத்தரவு ஓடிக்கொண்டே இருக்கும். இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதில்லை, தொற்றுவதும் இல்லை. கல்யாணப் பேச்சில் இதை இழுப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

அந்தப் புரதத்தில் போய் ஒட்டி அதைச் செயலிழக்க வைக்கும் மருந்துதான் இமாடினிப். அமெரிக்கா 2001-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி கிளிவெக் என்ற பெயரில் விற்ற அந்த மருந்துக்கு இங்கே அப்போது மாதம் சுமார் ₹1.2 லட்சம், அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் ₹10 ஆயிரத்துக்கு விற்றன. இமாடினிப்பின் ஒரு புது வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் போட்ட விண்ணப்பம் 2006-ல் தள்ளுபடியானது. பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, குணப்படுத்தும் திறன் கூடியிருந்தால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்கிற காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து அந்தக் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது, 2007-ல் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. நோயாளிகள் பலருக்குக் கம்பெனி இலவசமாகவே மருந்து கொடுத்துவந்தது உண்மை. இருந்தாலும் தர்மமாக வருவதும், கடையில் நம்மால் வாங்க முடிகிற விலையில் கிடைப்பதும் ஒன்றல்ல.

இப்போது பெரிய ஆபத்து விலையைவிட நம் அவசரத்தில்தான் இருக்கிறது. சில மாதங்களில் ரத்த எண்ணிக்கை சரியாகிவிடும், விலாவுக்குக் கீழிருந்த கனம் குறையும், பசி திரும்பும். குணமாகிவிட்டது என்று மாத்திரையை ஓரம் கட்டுகிறவர்கள் உண்டு. நோய் போயிருக்காது, பிசிஆர் (PCR) பரிசோதனையில் மட்டும் தெரியும் அளவுக்குப் பதுங்கியிருக்கும். டோஸ் தவறத் தவற அது மறுபடி தலைதூக்கும், மருந்துக்கு மசியாமலும் போகலாம். பல ஆண்டு நன்றாகக் கட்டுப்பட்டவர்களில் சிலருக்கு டாக்டரே கண்காணிப்போடு நிறுத்திப் பார்ப்பதுண்டு. அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல் வந்தால் அவரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினால் குமட்டல் குறையும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. கருவில் குழந்தையின் உறுப்புகள் உருவாவதும் இதே வகைச் சேதிப் புரதங்களால்தான். அவற்றில் சிலவற்றையும் இந்த மருந்து முடக்கும். ஆகவே குழந்தை வேண்டும் என்றால், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

புற்றுநோயை அடியோடு தீர்ப்போம் என்று யாராவது விளம்பரம் செய்தால், 1954-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதை நம்பி மாத்திரையை விட்டவருக்கோ, சட்டம் பாய்வதற்குள் காலம் கடந்துவிடும்.

இமாடினிப் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு உச்ச விலை உண்டு. கூடுதலாக வாங்கினால், பில்லை வைத்துக்கொண்டு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்திடம் புகார் செய்யலாம். பில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உங்கள் சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் ரயில் சலுகைச் சான்று வாங்கிக்கொண்டால், முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்குக் கால் பங்குதான்.

ஆண்டு வருமானம் ₹1.2 லட்சத்துக்குள் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். சி.எம்.எல். சிகிச்சையில் எதற்கெல்லாம் காப்பீடு உண்டு என்று தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டத்தில் உள்ள மருத்துவமனை காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினாலோ தனியாகப் பணம் கேட்டாலோ, தேதியையும் பேசியவர் யார் என்பதையும் குறித்துக்கொண்டு 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்கு அன்றைக்கே கூப்பிடுங்கள்.