வெனிஸில் யார் குடியிருக்கிறார்கள்?

வெனிஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கால்வாய், படகு, செல்ஃபி, சரிதானே? அங்கே ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கு. அதன் கண்ணாடி ஜன்னலில் 2008-லிருந்து ஒரு டிஜிட்டல் பலகை. அதில் தெரிவது மருந்து விலை இல்லைங்க, ஊரில் மிச்சமிருக்கும் மக்களின் எண்ணிக்கை!

1951-ல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. சுற்றுலா மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வெள்ளம், பழைய வீடுகளின் பராமரிப்புச் செலவு, கரையோர நகரங்களில் கிடைத்த வேலை எல்லாமே உண்டு. ஆனால் இப்போ நடப்பதைக் கவனிங்க. மாத வாடகையைவிட, பயணிகளுக்கு நாள் கணக்கில் விட்டால் வீட்டுக்காரருக்கு லாபம். அதனால் உள்ளூர்க்காரருக்கு வீடு கிடைப்பதில்லை, இளைஞர்கள் வெளியேறுறாங்க. குடும்பங்கள் குறைந்தால் காய்கறிக்கடை மூடும், அந்த இடத்தில் முகமூடி விற்கும் கடை வரும். காய்கறி வாங்கவே அலையணும்னா, மிச்சமிருப்பவரும் கிளம்பத்தானே செய்வார்?

அரசும் சும்மா இல்லை. 2021-ல் பெரிய சொகுசுக் கப்பல்கள் நகரின் நடுவே ஜுதெக்கா கால்வாயில் வரத் தடை வந்தது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் வந்தது; அந்த ஆண்டு அது 5 யூரோ. இரண்டும் கூட்டத்துக்கான மருந்து. வீட்டு வாடகைக்கு அவை மருந்து இல்லை.

சுற்றுலாவே வேண்டாம்னு சொல்லலை, அந்த ஊருக்குச் சோறு போடுறதே அதுதான். என்றைக்காவது நீங்கள் போனால், படம் எடுத்துவிட்டு ஓடாமல், ஓர் இரவு ஹோட்டலில் தங்குங்க. அந்த மருந்துக்கடைப் பலகையையும் ஒருமுறை பார்த்துட்டு வாங்க.