பழைய ஜீப் தடுமாறுகிறதா? கியர் பெட்டியைக் கழற்றுமுன் கவனியுங்கள்

தோட்டத்துக்கும் ஊருக்குமாகப் போய்வரவும், உர மூட்டையும் பால் கேனும் ஏற்றிவரவும் பழைய ஜீப் வகை வண்டியை வாங்கும் சிறு விவசாயிகள் பலர் உள்ளனர். 1994-ல் வந்த டாடா சுமோ, 2000-ல் வந்த மகிந்திரா பொலிரோ ஆகியவற்றின் பழைய மாடல்களும், அவற்றுக்கு முந்திய டீசல் ஜீப்புகளும் கைமாறிக் கைமாறிக் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய வண்டிகளில் இரண்டு குறைகள் சேர்ந்தே வருவதுண்டு. வண்டி நிற்கையில் இன்ஜின் சீராக ஓடாமல் ஏறி இறங்கித் தடுமாறும். கியர் போட்டால் 'கரக்' என்று கடித்துக்கொண்டு விழும்.

பட்டறைக்குப் போனால் பம்ப் வேலை, நாசில் வேலை, கியர் பெட்டி வேலை என்று பட்டியல் நீளும். ஒரு போக வெள்ளாமையில் மிஞ்சியது அதிலேயே கரைந்துவிடக்கூடும். ஆனால் இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்கலாம்.

இன்ஜின் அடிக்கடி அணைந்து போவதை மறைக்க, விற்றவரோ தரகரோ ஐடிலிங் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார். அப்போதைக்குத் தடுமாற்றம் தெரியாது. ஆனால் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கியர் பெட்டியின் உள் சக்கரங்களும் வேகமாகச் சுற்றும். கிளட்ச்சை மிதித்த பின்னும் அவை அடங்க நேரமாகும். அதனால் முதல் கியரும் ரிவர்சும் கடிக்கும். கியர் பெட்டியில் குற்றமே இராது! இவ்வகை டீசல் இன்ஜின்களில் ஐடிலிங் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள் இருக்கும். சரியான அளவை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

காற்று நுழையும் வழி

தடுமாற்றத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது டீசல் குழாயில் நுழையும் காற்றை. டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டே வருகிறது. அந்த வழியில் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும், இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கசிவே இல்லையே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் சிறு ஓட்டை விழுந்தால் தண்ணீர் விட்டு விட்டு வருகிறதல்லவா, அதே கதைதான் இதுவும்.

இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகிறதா? இரவில் டீசல் டாங்குக்கே இறங்கிவிடுகிறது என்று கொள்ளலாம். ஃபில்டருக்கு வரும் குழாய்க்குப் பதிலாக, உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி இன்ஜினை ஓடவிட்டால், குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். குழாயையும் கிளிப்பையும் மாற்றக் கியர் பெட்டி வேலைக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைக்கவும். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். ஓடிக்கொண்டே இருந்து திடீரென மூச்சு வாங்கினால் டாங்க் மூடியைத் திறந்து பார்க்கவும். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், இன்ஜினும் தேறினால், டாங்குக்குக் காற்று போகும் துளை தூசியால் அடைபட்டிருக்கிறது.

இவை சரியாயிருந்தும் தடுமாறினால்தான் நாசில் பரிசோதனை. பழைய இயந்திரப் பம்ப் உள்ள வண்டியில், மெக்கானிக் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் முறையே சிறிது தளர்த்துவார். எதைத் தளர்த்தினால் இன்ஜின் ஓட்டத்தில் மாறுதலே இல்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. நான்கு நாசிலையும் மாற்றச் சொல்பவரிடம் இந்தப் பரிசோதனையை உங்கள் கண் முன் செய்துகாட்டச் சொல்லவும்.

கிளட்ச்சா, கியர் பெட்டியா?

ஐடிலிங் சீராகி, திருகையும் பழைய அளவுக்கு இறக்கிய பிறகு கியரைக் கவனிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்கவும். அப்போதும் விழ மறுத்தால் கியர் லீவர் இணைப்புகளிலோ பெட்டிக்குள்ளோ கோளாறு. அணைத்த நிலையில் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கடித்தால், கிளட்ச்சை முழுவதும் மிதித்து ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடவும். அப்போதும் கடித்தால் கிளட்ச் முழுமையாக விலகவில்லை. பெடலின் வெற்று அசைவு அதிகமாக இருக்கலாம்; கேபிள் நீண்டிருக்கலாம்; ஹைட்ராலிக் வகையில் ஆயில் குறைந்தோ காற்று புகுந்தோ இருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சம்மதிக்க வேண்டாம்.

ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக இரண்டாவது மட்டும், கடித்தால் அதன் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கக்கூடும். கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் பித்தளை வளையத்தின் தேய்மானம். ஒட்டும் இரும்புச் சில்லுகள் பல் உடைந்ததற்கு அடையாளம். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வாய்க்காலில் இறங்கி ஏறும் வண்டிகளில் இது அடிக்கடி நேரும். உடனே மாற்ற வேண்டும்.

கியர் தானாகக் கழன்று வந்தால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களையும் பார்க்கவும். அவை கிழிந்தால் ஐடிலிங்கிலும் வண்டி அதிரும்.

பிற்காலத்தில் வந்த காமன் ரெயில் வண்டிகளில் நாசில் குழாயை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. அங்குள்ள அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அவற்றுக்கு ஸ்கேனர் கருவி கொண்டு கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லி, அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளவும்.